ஸ்கிப்புக்குள் கிடந்த ஓக் கன்றுகள்

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இதை எழுத உட்காரும்போது ஆறுதலாக, நிதானமாக எழுதவேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் முடிந்த கையோடு ஜெர்மனிக்குப் போனவள். அங்கே ஒரு சின்னப் பட்டணத்துக்கு வெளியே இருந்த மரக்கன்றுப் பண்ணையில் பல வருடங்கள் வேலை செய்தேன். அந்த மண்ணுக்கே உரிய காட்டு மரங்களை விதையிலிருந்து வளர்த்து, வீதியோரங்களுக்கும் வேலிகளுக்கும் அனுப்புகிற பண்ணை அது. மொழி தெரியாததால் கிடைத்த வேலைதான். ஆனால் பிறகு மொழி வந்து, வேறு வேலைகள் கிடைக்கக்கூடிய காலம் வந்தபோதும் நான் அதை விடவில்லை. குளிரில் விரல் விறைக்கும், முதுகு முறியும். இருந்தும் காலையில் எழும்பிப் போக விருப்பமாக இருந்த ஒரே வேலை என் வாழ்க்கையில் அதுதான்.

மகளுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும், எங்கள் ஆட்களுக்கு நடுவில் இருக்கவேண்டும், சொந்தமாக ஒரு கடை போடவேண்டும் என்று என் கணவர் முடிவெடுத்து, 2007இல் எங்களை லண்டனுக்குக் கூட்டிவந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. ஊரின் பெயரைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல் வந்தது. மிச்சமாம். எதனுடைய மிச்சம் என்று கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தோடு இங்கே எந்தப் பண்ணையும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு சூப்பர்மார்க்கெட்டில் விடியற்காலை ஷிப்ட் கிடைத்தது. தட்டுகளில் சாமான் அடுக்கவேண்டும். அது முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று இருந்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டு நிலம்தான். புல்லும் உடைந்த கல்லுமாகக் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எங்களுக்கு வீடு காட்டிய அன்றைக்கு அவரே, "பின் வளவில என்னவும் நடுங்கோ தங்கச்சி" என்று சொன்னார். இது முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் இலையுதிர் காலத்தில், வேலை முடிந்து வரும் வழியில் மிச்சம் கொமனுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினேன். கொமன் என்றால் ஊருக்குப் பொதுவான பெரிய வெளி. புல்லும் பற்றையும் மரமுமாகப் பரந்து கிடக்கும். முதல்நாள் ஒரு ஓக் மரத்தின் கீழ் நின்றபோது, தலையில் டொக் என்று ஒரு கொட்டை விழுந்தது. குனிந்து எடுத்தேன். பச்சை மாறாத, வழுவழுப்பான ஓக் விதை. அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக் கை வைத்துக்கொண்டே வீடுவரை வந்தேன். லண்டனுக்கு வந்தபிறகு அன்றுதான் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இலையுதிர் காலம் என்றால் எனக்குத் திருவிழாதான். ஹாத்தோர்ன் பற்றைகளில் சிவப்புச் சிவப்பாகக் காய். ரோவன் மரத்தில் செம்மஞ்சள் கொத்து. பனி பட்ட சிலந்தி வலைகளை வெயில் ஏறுமுன் பார்த்துவிடவேண்டும். ஈர இலை மணக்கும், கொஞ்சம் தேயிலைச் சாயம் மாதிரி. பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோய், மரக்குற்றியில் இருந்து குடித்துவிட்டு, பை நிறைய விதையோடு வருவேன். ஓக் விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை எறிந்துவிட்டு, தாழ்பவற்றை உடனேயே மண்ணில் வைக்கவேண்டும். ரோவன் பழத்தைப் பிசைந்து சதையைக் கழுவவேண்டும். ஹாத்தோர்ன் விதை ஒரு பிடிவாதக்காரி. மணலோடு கலந்து வெளியே வைத்தால், இரண்டு குளிர்காலம் கண்டபிறகுதான் வாய் திறக்கும். அணில் கிண்டாமல் எல்லாவற்றுக்கும் மேலே கம்பிவலை போடவேண்டும்.

வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இந்த நாட்டுக் காட்டு மரம் உமக்கு என்னத்துக்கு? ஒரு கறிவேப்பிலை வைக்கலாமே." அவர்களுடைய கறிவேப்பிலை எல்லாம் ஜன்னலோரத்தில் ஒவ்வொரு மாரிக்கும் செத்துப்போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

2009 கோடையில், எங்கள் பக்கத்து விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் மர வேலி நடுவதற்கு ஆட்கள் தேவை என்று ட்ராம் தரிப்பில் ஒரு அறிவித்தல் பார்த்தேன். போய்க் கதைத்தேன். அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண் என் ஆங்கிலத்தையும் அதற்குள் வந்து விழுந்த ஜெர்மன் சொற்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒருநாள் என் வளவைப் பார்க்க வந்தார். முழங்கால் உயர ஓக் கன்றுகள், ஹேசல், ரோவன், அந்த வசந்தத்தில்தான் முளைத்த ஹாத்தோர்ன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வெளியே வாங்க இருந்ததை நிறுத்திவிட்டு உங்களுடையதையே நடுகிறோம், நவம்பரில் கொண்டுவாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்த வேலையை லண்டனில் ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல்தடவை.

அந்த வருடம் மே மாதத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்று நான் இங்கே விளக்கப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வசந்தம் முழுவதும் பாராளுமன்றத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் போய் நின்றோம். தொண்டை கிழியக் கத்திவிட்டு, விம்பிள்டனில் இறங்கி ட்ராம் எடுத்து வீட்டுக்கு வருவேன். போர் நடந்த வன்னியில் இருந்த என் சின்னம்மாவின் குடும்பத்திடமிருந்து அழைப்பு வராத நாட்கள் அவை. அப்படி ஒரு நாள் வந்து பார்த்தபோதுதான் ஹாத்தோர்ன் முளைத்திருந்தது. சந்தோசப்படவில்லை. இந்த நேரத்தில் உனக்கு முளைக்க வேண்டுமா என்று அதன் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் தண்ணீர் விட்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஷிப்ட் முடிந்து வந்தேன். எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு, பக்கத்தில் ஒரு சின்ன ஒழுங்கை. வாசலில் ஸ்கிப் ஒன்று நின்றது. கட்டட வேலைக் குப்பை போடுகிற பெரிய இரும்புத் தொட்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். யார் வீட்டிலோ வேலை நடக்கிறது என்று நினைத்துக் கடக்கப் போனவள், உள்ளே எட்டிப் பார்த்தேன். உடைந்த கற்களுக்கும் பழைய கம்பளத்துக்கும் நடுவில் என் சாடிகள். ஓக் கன்று ஒன்று தலைகீழாகக் கிடந்தது. இலை அப்போதுதான் செம்பாக மாறியிருந்தது. வேர் வெளியே தெரிந்தது. அதற்கு மேலே யாரோ குடித்துவிட்டுப் போட்ட கோலா தகரம்.

ஒழுங்கை வழியாகப் பின்னால் ஓடினேன். இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். வளவு கிட்டத்தட்ட முழுவதும் வழித்துச் சமப்படுத்தப்பட்டிருந்தது. பலகைச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வீட்டுச் சொந்தக்காரர், கையில் போன்.

"ஆ, தங்கச்சி வந்திட்டீரோ? பாரும், எப்பிடித் துப்புரவாக்கி இருக்கிறம் எண்டு."

மனிதர் சந்தோசமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ர கண்டுகள் எங்க அண்ணை?"

"எந்தக் கண்டு? அந்தப் பத்தையளோ? அது சும்மா காட்டு மரம் தானே. இதில ஒரு அறை போடுறம். ரெண்டு பெடியள் இருக்கலாம். உமக்கு நான் ஒரு நல்ல கறிவேப்பிலைக் கண்டு கொண்டுவந்து தாறன்."

"என்னவும் நடுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"உம்மட அவரிட்டச் சொன்னனான் தானே, போன கிழமை."

அந்த இடத்தில் எனக்கு இரண்டு கோபம் ஒன்றாக வந்தது. என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கிழமையாகத் தெரிந்துகொண்டு, என்னோடு ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். நான் சத்தம் போடுவேன் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

நான் வாசலுக்குத் திரும்பிப் போய் ஸ்கிப்புக்குள் ஏறினேன். சூப்பர்மார்க்கெட் சீருடையோடுதான். கற்களை இழுத்துப் போட்டு ஒவ்வொரு கன்றாக எடுக்கத் தொடங்கினேன். கண்ணாடித் துண்டு ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. அது அப்போது தெரியவில்லை.

"அக்கா, கையில ரத்தம் வருது."

பக்கத்து வீட்டுப் பெண். சென்னையிலிருந்து வந்த டாக்டர். இரவு டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர், சத்தத்தில் எழுந்து வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். வேலிக்கு அப்பால் நின்று பல தடவை என்னோடு பேச்சுக் கொடுக்கப் பார்த்தவர்தான். அந்த வருடம் இந்தியாவிலிருந்து வந்த யாரோடும் முகம் கொடுத்துப் பேச எனக்கு மனம் இருக்கவில்லை. ஓம், இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஸ்கிப்பின் விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கினார்.

"இதெல்லாம் நீங்க வளர்த்ததாச்சே. கிச்சன் ஜன்னல்லேர்ந்து தினமும் பார்ப்பேன். எங்க வைக்கணும் சொல்லுங்க."

"உங்கட வளவில வைக்கலாமோ?"

"தாராளமா வைங்க. கேக்கணுமா என்ன?"

இரண்டு பேருமாக எடுத்து அவருடைய புல்தரையில் அடுக்கினோம். பாதிக்கு மேல் சாடி உடைந்து வேர் காய்ந்திருந்தது. அவர் ஈரத் துவாய்களைக் கொண்டுவந்து நான் சொன்னபடி வேர்களைச் சுற்றினார். என் கைக்கும் கட்டுப் போட்டுவிட்டார். அப்போதுதான் லொறிச் சத்தம் கேட்டது. கொன்கிரீட் கலவை லொறி, வயிறு சுழலச் சுழல வந்து வாசலில் நின்றது.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வேலியோரத்துப் பாத்தி. மண்ணை வழித்தவர்கள் அதை மட்டும் இன்னும் கிளறவில்லை. பலகைச் சட்டம் அதையும் சேர்த்துத்தான் அடிக்கப்பட்டிருந்தது. அந்த இலையுதிர் காலத்து ஓக் விதைகளை அங்கேதான் விதைத்திருந்தேன். அவற்றில் பலவும் வேர் விடத் தொடங்கியிருக்கும் நேரம்.

போய் அந்தப் பாத்தியின் மேல் சப்பணம் கட்டி இருந்துவிட்டேன்.

முதலில் வேலையாட்கள் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பினார். வீட்டுச் சொந்தக்காரர், "தங்கச்சி, விளையாடாதையும்" என்றார். பிறகு, "லொறி நிக்குது, எழும்பும்" என்றார். பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டு என் கணவருக்குப் போன் எடுத்தார்.

கடையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"இஞ்சேரும், எழும்பும். சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

"அண்ணை இல்லாட்டி எங்களுக்கு ஆர் வீடு தந்திருப்பினம்? ஜெர்மனியில இருந்து வந்து நிக்கேக்க ஒருத்தரும் தரேல்ல. யோசிச்சுப் பாரும்."

"வீடு தந்தவர். ஓம். அதுக்காக விதைச்சதுக்கு மேல சீமெந்து ஊத்தலாமோ?"

"கொட்டை தானேயப்பா."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "உங்களுக்கு ஒரு கிழமையாத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலவையை வாங்கத் தள்ளுவண்டியோடு யாரும் வரவில்லையே என்று பார்க்க லொறிச் சாரதி ஒழுங்கை வழியாக வந்தார். தடித்த, சிவந்த முகமுள்ள வெள்ளைக்காரர். கட்டுப்போட்ட கையோடு மண்ணில் இருக்கும் என்னையும் சுற்றி நிற்கும் ஆண்களையும் பார்த்தார். என்ன பிரச்சினை என்று என்னிடமே கேட்டார். எனக்கு ஆங்கிலம் கோபத்தில் முழுவதும் மறந்துபோனது. பாத்தியைக் கையால் தோண்டி ஒரு விதையை எடுத்துக் காட்டினேன். நுனி பிளந்து, வெள்ளை வேர் நகம் அளவுக்கு வெளியே வந்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கத் தொடங்க, சாரதி கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்கள் இருக்கிற இடத்தில் நான் ஊற்றுவதில்லை, உங்கள் சண்டையை முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது இரக்கமா, தனக்கேன் வில்லங்கம் என்ற எண்ணமா, எனக்குத் தெரியாது. லொறி பின்னுக்குப் போகிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த வருடம் அவ்வளவு சனம் சேர்ந்து நின்று, அத்தனை நாட்கள் கத்தி, எங்களால் ஒன்றையும் நிறுத்த முடியவில்லை. நான் ஒருத்தி சத்தமே போடாமல் மண்ணில் உட்கார்ந்திருந்து ஒரு லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அது பெருமையாக இருக்கவில்லை.

வீட்டுச் சொந்தக்காரருக்கு இப்போது முகம் மாறிவிட்டது. தங்கச்சி எல்லாம் போய்விட்டது.

"வாற மாதக் கடைசியோட வீட்டை விடுங்கோ. மரம் வளர்க்கிற ஆக்களுக்கு என்ர வீடு சரிவராது."

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் சொன்னார். "சரி அண்ணை. விடுறம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரோசமா, வெட்கமா, என் பக்கம் நின்றதா. கேட்டதில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே கடைக்குப் போய்விட்டார். அதன்பிறகு பல நாட்கள் நாங்கள் இருவரும் மகள் மூலம்தான் பேசிக்கொண்டோம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாட்ட வீட்டுத் திறப்பை வாங்கு." அந்தப் பிள்ளைக்கு வெறுத்துப்போயிருக்கும்.

பாத்தியிலிருந்த விதைகளை மண்ணோடு அள்ளிப் பழைய யோகட் வாளிகளில் போட்டேன். நவம்பரில் நடுகிற ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் கடை வானைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். கன்றுகளை ஏற்றினார். எப்படிப் பிடிக்கவேண்டும் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. வேரை முறிக்காமல்தான் பிடித்தார்.

மைதான ஓரத்தில் மழை தூறியது. பாதிக் கன்றுகள்தான் கொண்டுவர முடிந்தது என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவர் வேர்களைப் பார்த்தார், என் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார், ஒரு மண்வெட்டியை நீட்டினார். மத்தியானம்வரை நட்டோம். டாக்டர் பெண்ணும் வந்திருந்தார். நகரத்துச் சப்பாத்தோடு சேற்றில் வழுக்கி விழுந்து, எழும்பி, தானே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கிண்டிய மண்ணில் புழு பொறுக்க ஒரு சின்ன ரொபின் குருவி எங்கள் காலடிவரை வந்தது. எல்லோருமாகத் தேத்தண்ணீர் குடித்தோம். இலையுதிர் காலம் எனக்குக் கொடுத்த மிக நல்ல நாட்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு குழியையும் மிதித்து மூடும்போது, வராமல் போன மற்றப் பாதியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தேன்.

அந்த நவம்பர்க் கடைசியில் வீட்டை விட்டோம். கொஞ்சக் காலம் பிளேஸ்டோவில் ஒரு உறவினர் வீட்டு மேல்மாடியில் அந்த யோகட் வாளிகளோடு நெருக்கிக்கொண்டு இருந்தோம். நாங்கள் வெளியேறிய சில நாட்களிலேயே அவர் கொன்கிரீட் ஊற்றிவிட்டார் என்று டாக்டர் பெண் போனில் சொன்னார். அறையும் கட்டினாராம். ஹீட்டர் இல்லாத அந்த அறைக்குள் ஊரிலிருந்து வந்த இரண்டு பெடியன்கள் ஜாக்கெட்டோடு படுத்தார்களாம். கன்றுகளுக்காக வந்த கோபத்தைவிட எனக்கு அதற்கு இன்னும் கூடுதலாக வந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாணத்தில் அவரைக் கண்டேன். வயது போயிருந்தது. "தங்கச்சி, இன்னும் கோவமோ?" என்று சிரித்தபடி கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தார்கள். இப்படியான நேரத்தில் நாங்களும் சிரித்து, "சேச்சே, அது அப்பவே போயிட்டுது அண்ணை" என்று சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நான், "ஓம் அண்ணை, இன்னும் கோவம்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போனேன்.

யாருக்கும் கெட்டது நினைக்கவில்லை, யாரையும் மன்னிக்க மாட்டேன் என்று சத்தியமும் பண்ணவில்லை. ஆனால் எது சின்ன விஷயம், எது பெரிய விஷயம், எதற்குக் கோபப்படலாம், எதற்குப் பேசாமல் இருக்கவேண்டும் என்று எனக்காக வேறொருவர் முடிவெடுப்பதை அந்தப் பாத்தியில் போய் இருந்த நாளோடு நான் நிறுத்திவிட்டேன்.